வைக்கோல் பரப்பியும் கோரை வருகிறதே, மூடாக்கு வீண்தானா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. பல்லடம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம், செம்மண், போர்வெல் தண்ணீர். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை வைத்திருக்கிறார். களை பிடுங்கி மாளவில்லை என்று ஆனி மாதம் பாத்திகளில் மூடாக்காக 2 அங்குலத்துக்கு வைக்கோல் பரப்பியிருக்கிறார். பாதியைக் காற்று கொண்டு போய்விட்டது. மிச்சத்தைத் துளைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் கோரை வந்திருக்கிறது. நடுநடுவே நெல் முளைத்து நிற்கிறது. வைக்கோலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கரையான். "மூடாக்கு போட்டால் களையே வராது என்கிறார்களே, எல்லாம் பொய்யா? பேசாமல் பிளாஸ்டிக் ஷீட் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

எனக்கு உடுமலைப் பக்கம் தோட்டம். மூடாக்கு போட ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. நீங்கள் சொன்ன காற்று, கோரை, நெல், கரையான் நாலும் எனக்கும் வந்தவைதான், ஏறக்குறைய அதே வரிசையில். மூடாக்கு பொய் இல்லை. ஆனால் அது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று உங்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே முதலில் பார்க்க வேண்டும். எந்தச் சருகு, எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அப்புறம்.

களை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று விதையிலிருந்து. சாரணை, பருப்புக்கீரை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, தொய்யக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் அப்படி வருபவை. இன்னொன்று, மண்ணுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற கிழங்கிலிருந்தோ ஓடுகிற தண்டிலிருந்தோ வருவது. கோரையும் அருகும் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்கள். மூடாக்கு முதல் கூட்டத்தைப் பிறக்க விடாது. இரண்டாவது கூட்டத்தை அது ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால், அடியில் ஈரமும் குளிர்ச்சியும் கொடுத்து உபசரிக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? களை விதைகள் பெரும்பாலும் பொடி. பருப்புக்கீரை விதையையோ அம்மான் பச்சரிசி விதையையோ உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கடுகே பெரிதாகத் தெரியும். அவ்வளவு சின்ன விதைக்குள் இருக்கிற சாப்பாட்டை வைத்துக்கொண்டு முளை ஒரு அங்குலம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேலே வர முடியும். அதற்குள் வெளிச்சம் கிடைக்காவிட்டால் செத்துவிடும். இது போதாதென்று இந்த விதைகளில் பலவற்றுக்கு முளைப்பதற்கே வெளிச்சம் வேண்டும். பகலில் சூடு, இரவில் குளிர் என்ற ஏற்ற இறக்கத்தையும் பார்த்துத்தான் சில விதைகள் விழிக்கும். கனமாகச் சருகு போட்டால் வெளிச்சமும் போச்சு, அந்த ஏற்ற இறக்கமும் போச்சு. தப்பித் தவறி முளைத்ததும் மேலே வந்து சேராது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். பாத்தியை ஆழமாகக் கொத்தி விட்டு ஒரு தண்ணீர் கட்டினால் பத்தாம் நாள் பச்சைப் பசேல் என்று களை நிற்கிறதே, அது எங்கிருந்தோ வந்ததில்லை. வருடக்கணக்காக மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த விதையை மண்வெட்டியால் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்ததே நாம்தான். மூடாக்கு போட்ட பாத்தியை அதனால்தான் கொத்தக் கூடாது. செடி நடவேண்டிய இடத்தில் மட்டும் சருகை விலக்கி, ஒரு குழி எடுத்து, நட்டு, மூடிவிடுவதோடு சரி.

இப்போது கோரைக்கு வருவோம். உங்கள் தோட்டத்தின் முக்கால்வாசிச் சிக்கல் அதுதான். கோரையின் முளை ஊசி மாதிரி. 30 மைக்ரான் பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும், வைக்கோல் அதற்கு எம்மாத்திரம். கீழே கிழங்கு கிழங்காக, இடையில் கம்பி போன்ற தண்டால் கோத்து, மாலை போலப் போய்க்கொண்டே இருக்கும். மேலே பிடித்து இழுத்தால் கழுத்தில் அறுந்து இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். ஒரு முளையை இழந்த கிழங்கு இன்னொரு முளையை விடும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கைக் காசு கொடுத்து வாங்கிக் குளியல் பொடிக்கு அரைக்கிறார்கள். நம் தோட்டத்தில் இருப்பதை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால் நான் கூலியே கொடுப்பேன்.

கோரை இருக்கிற இடத்தில் பவர் வீடரோ ரோட்டவேட்டரோ விடவே விடாதீர்கள். மாலையாக இருக்கும்போது அதில் ஒரு சில கிழங்குகள்தான் முளைவிடும், மற்றவை அடங்கி இருக்கும். ரோட்டவேட்டர் அந்த மாலையைத் துண்டு துண்டாக வெட்டியதும், அடங்கி இருந்த ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். ஓட்டிய ஒரு வாரம் தோட்டம் சுத்தமாக இருப்பது போலத் தெரியும். மூன்றாவது வாரம் பார்த்தால் நாற்று விட்ட மாதிரி நிற்கும்.

கோரைக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. கிழங்கு காய்ச்சலைத் தாங்காது, இலை நிழலைத் தாங்காது. முதலாவதுக்குச் சித்திரை மாதம்தான் சரியான காலம். மண் காய்ந்து கிடக்கும்போது கடப்பாரையை இறக்கி மண்ணைக் கட்டி கட்டியாக நெம்பிப் புரட்டி, கிழங்கு மாலையை முடிந்த மட்டும் பொறுக்கிவிட வேண்டும். தப்பியவை கத்திரி வெயிலில் சுருங்கிச் சாகட்டும். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை புரட்ட வேண்டும். நடுவில் கோடை மழை பெய்துவிட்டால் அந்த வருடம் கோரைக்கு அதிர்ஷ்டம். அடுத்த வெயில் வரை காத்திருந்து மறுபடி புரட்ட வேண்டியதுதான். பொறுக்கிய கிழங்கைக் கம்போஸ்ட் குழியில் போட்டுவிடாதீர்கள். சிமென்ட் தரையில் பரப்பி, மொறுமொறுவென்று காய்ந்தபின் எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

நீங்கள் கேட்பது ஆடியில். சித்திரைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை செய்ய வேண்டியது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் களைக்கொத்தால் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே வைத்து அறுப்பது. கோரை முளைத்து மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் அறுத்தால், முளை விட்ட செலவு மட்டும்தான் கிழங்குக்கு மிஞ்சும், வரவு இருக்காது. ஆறு வாரத்துக்கு ஒரு தரம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாங்கு மாங்கென்று பிடுங்குவதைவிட, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் அரை மணி நேரம் நடந்து அறுப்பது எவ்வளவோ மேல். மூடாக்கு போட்ட பாத்தியில் மண் பொலபொலவென்று இருப்பதால் இந்த வேலை லேசாக இருக்கும். கோரை விஷயத்தில் மூடாக்கு நமக்குச் செய்கிற உதவி அவ்வளவுதான்.

நிழல் கொடுக்கும் வழி இன்னும் சுகமானது. காலியாக இருக்கிற பாத்தியை வெறுமனே விடாமல், சணப்பையோ தட்டைப்பயறோ வழக்கத்தைவிட நெருக்கமாக விதைத்துவிடுங்கள். சணப்பை ஒரு மாதத்தில் இடுப்புக்கு வந்துவிடும், கோரை அதன் காலடியில் வெளுத்துப்போய் நிற்கும். பூ எடுக்கிற சமயத்தில், ஏறக்குறைய 45 நாளில், அடியோடு அறுத்து அந்த இடத்திலேயே படுக்கப் போட்டால் அதுவே அடுத்த பயிருக்கு மூடாக்கு. சர்க்கரைவள்ளிக் கொடியும் இதற்கு நல்ல ஆள். ஒரு முறை சர்க்கரைவள்ளி போட்டு எடுத்த பாத்தியில் அடுத்த போகம் கோரை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கும். ஒழிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். என் தோட்டத்திலேயே வேலி ஓரம் இன்னும் இருக்கிறது.

அருகு வேறு மாதிரி. அது மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். பாத்திக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்துவிட்டு, பழக் கடையிலோ மளிகைக் கடையிலோ கிடைக்கும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, பசை டேப்பை உரித்துவிட்டு, இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்று அரை அடி ஏறும்படி போட்டு, நனைத்து, அதன் மேல் சருகு கொட்டினால் மிச்சம் மீதி அருகு வெளிச்சம் இல்லாமல் அடங்கிவிடும். அட்டைக்குப் பதில் பழைய செய்தித்தாள் பத்துத் தாள் கனத்தில் போட்டாலும் போதும், பளபளப்பான வண்ணத் தாள் மட்டும் வேண்டாம். ஆனால் அருகு திரும்பி வருவது எப்போதும் ஓரத்திலிருந்துதான். வேலி ஓரமோ நடைபாதை ஓரமோ அருகு இருந்தால், பாத்தியைச் சுற்றி அரை அடி ஆழத்துக்கு ஒரு சின்னக் கிடங்கு வெட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை அதை எட்டிப் பார்த்து, தாண்ட முயலும் தண்டை அறுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இனி மூடாக்குப் பொருள். இதற்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். எது பக்கத்தில் சும்மா கிடைக்கிறதோ அதுதான் நல்ல மூடாக்கு. வைக்கோல் விலை கொடுத்து வாங்கிப் போடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம், அது மாட்டுக்குப் போக வேண்டியது. தவிரவும் இப்போது வருவது எல்லாம் மெஷின் அறுவடை வைக்கோல். களத்தில் அடித்து, பிணையல் விட்டு, உதறிப் போட்ட பழைய காலத்து வைக்கோல் மாதிரி இராது. நெல்மணியும், வயலில் இருந்த களை விதையும் அதோடு வரும். உங்களுக்கு நெல் முளைத்தது அதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை, கதிர் வருவதற்கு முன் பிடுங்கிப் போடுங்கள். அடுத்த முறை வைக்கோல்தான் கிடைக்கிறது என்றால், பரப்புவதற்கு முன் ஒரு மூலையில் போட்டு நன்றாக நனைத்துப் பத்து நாள் வைத்தால் முளைக்க வேண்டியது அங்கேயே முளைத்துவிடும். புரட்டிவிட்டு அப்புறம் பரப்பலாம்.

உங்கள் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த ஓலையைத் துண்டு போட்டுப் பரப்பினால் காற்றுக்கு அசையாது, ஒரு வருடத்துக்கு மேல் வரும். தோட்டத்தில் தென்னை மரம் இருந்தால் அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் நூறு உரிமட்டையைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம், அல்லது 15 ஓலை போடலாம், அல்லது தேங்காய் நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு இது, கோடையில் நன்றாகவே கை கொடுக்கிறது.

காய்கறிப் பாத்திக்கு நார்க்கழிவு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், களையையும் நன்றாக அமுக்கும். ஆனால் மில்லிலிருந்து புதிதாக வருவதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். உங்கள் போர்வெல் தண்ணீரும் உப்பு என்றால் இரண்டும் சேர்ந்து செடியின் இலை ஓரத்தைக் கருக்கும். ஒரு மழைக்காலம் வெளியே கிடந்து, கறுத்துப் போன பழைய நார்க்கழிவு கிடைத்தால் வாங்குங்கள். இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி இருப்பதைத் தொடாதீர்கள். பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணைகள் அதிகம் என்பதால் ஷெட்டில் போட்டு எடுத்த நார்க்கழிவு மூட்டை மூட்டையாக வரும். அதைச் சிலர் மூடாக்கு என்று போடுகிறார்கள். அது எரு. அதுவும் சூடான எரு. மக்க வைக்காமல் செடி அடியில் போட்டால் செடி வெந்துபோகும்.

வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, வாழைச்சருகு, நிலக்கடலைத் தோல், கரும்புச் சோகை எல்லாமே நன்று. வேப்பஞ்சருகு மாசி, பங்குனியில் தெருத் தெருவாகக் கொட்டும். கூட்டிக் கொளுத்துவதற்கு முன் இரண்டு சாக்கு கொண்டுபோய்க் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. தைல மரத்து இலையை மட்டும் காய்கறிக்குத் தவிர்க்கிறேன், அது மற்றச் செடி முளைப்பதை அடக்கும் குணம் கொண்டது. மரத்தூளும் உமியும் பாதைக்கு நல்லவை. வேலியில் கிளைரிசிடியா வைத்திருந்தால் அது ஒரு சொத்து. ஆனால் பச்சைத் தழை வெகு சீக்கிரம் மக்கிவிடும், களைக்கு அது தனியாகக் காணாது. அடியில் பச்சைத் தழை, மேலே முரட்டுச் சருகு என்று போட்டால் உரமும் ஆச்சு, களையும் அடங்கியது. திருப்பூர் பக்கம் என்பதால் பனியன் வேஸ்ட் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சுத்தப் பருத்தி என்றால் மக்கும். பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்தது என்றால் அந்த நூலை அடுத்த பத்து வருடம் மண்வெட்டியிலிருந்து பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போடக் கூடாத ஒன்று, விதை வைத்த களை. நான் ஒரு வருடம், மாட்டுக் கொட்டகையில் மிஞ்சிய தட்டும் சாணமும் கலந்த கழிசலை அப்படியே மூன்று பாத்திக்குப் பரப்பினேன். நல்ல உரம் என்றுதான் நினைத்தேன். மாடு மேய்ந்த சாரணை விதை எல்லாம் சாணத்தோடு வந்து, அந்த மூன்று பாத்தியும் கார்த்திகையில் சாரணைத் தோட்டமாக நின்றது. பார்த்தீனியம் அதைவிட மோசம். நன்றாக வளர்ந்த ஒரே செடி 10,000 விதைக்கு மேல் தள்ளும். பூப்பதற்கு முன் அறுத்தால் தாராளமாக மூடாக்காகப் போடலாம். வெள்ளைப் பூ ஒன்றைக் கண்டுவிட்டால் வேண்டாம். அறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

கனம் எவ்வளவு? சருகோ வைக்கோலோ, போடும்போது 6 அங்குலம். பத்து நாளில் அது அமர்ந்து 3 அங்குலம் ஆகும். அந்த மூன்றுதான் வேலை செய்யும். நீங்கள் போட்ட 2 அங்குலம் அமர்ந்தபின் ஒரு அங்குலம்தான் ஆகியிருக்கும். அவ்வளவு மெல்லிசாகப் போட்டால் களை விதைக்கு நாம் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி.

இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. பாதை போகப் பாத்தி மட்டும் 1,000 சதுர அடி என்று வையுங்கள். அரை அடி கனம் என்றால் 500 கன அடி சருகு, அதாவது மணல், ஜல்லிக்குச் சொல்கிற கணக்கில் 5 யூனிட். அதை ஒரே நாளில் சேர்க்க முடியாது என்பதால், இருக்கிறதை எல்லாப் பாத்திக்கும் மெல்லிசாக இழுத்து விடுகிறோம். எதற்கும் உதவாமல் போகிறது. அதற்குப் பதில் 200 சதுர அடியை எடுத்துக்கொண்டு அதை மட்டும் கனமாக மூடுங்கள். மற்றப் பாத்திகளைக் களைக்கொத்து பார்த்துக்கொள்ளட்டும். வருடத்துக்கு இரண்டு பாத்தி கூட்டினால் போதும்.

காற்றுக்கு என்ன செய்வது? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு நம் பக்கத்தில் காற்றாலையே சுற்றுகிறது, வைக்கோல் நிற்குமா? நீங்கள் தொடங்கிய மாதமே தவறு. காற்றுக் காலத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால் சருகின் மேல் தண்ணீர் தெளித்து அமுக்கி, குறுக்கே தென்னை மட்டை நாலு போட்டு வையுங்கள். மேற்குப் பக்கம் அகத்தியோ செடிமுருங்கையோ ஒரு வரிசை இருந்தால் இன்னும் நல்லது.

நல்ல நேரம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற சமயம். மண் அடிவரை நனைந்திருக்கும், அந்த ஈரத்தை மேலே பூட்டி வைக்கிற மாதிரி. காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால், சின்ன மழை எல்லாவற்றையும் சருகே குடித்துவிட்டு மண்ணுக்கு ஒரு சொட்டும் விடாது. அதனால் எப்போது போட்டாலும் முதலில் தண்ணீர், அப்புறம் சருகு. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது சருகுக்கு அடியில் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். வாரம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள், அணில் கடித்த குழாய் அடியில் பீய்ச்சிக்கொண்டிருந்தால் வெளியே தெரியாது. தண்ணீர் விட வேண்டுமா என்று சருகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை உள்ளே விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தால், பழைய வழக்கத்தைவிட மெதுவாகத்தான் காய்கிறது என்று தெரியும்.

செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்தரி, நிலக்கடலை எல்லாவற்றுக்கும் வருகிற அடித்தண்டு அழுகல் நோயின் பூஞ்சை, மக்காத சருகின் மேல்தான் ஏறி வளரும். ஈரச் சருகு தண்டில் ஒட்டியிருந்தால் அதற்குப் பாலம் போட்ட மாதிரி. செடி திடீரென்று வாடும். அடியில் பார்த்தால் வெள்ளை நூலும் கடுகு மாதிரி பழுப்பு உருண்டையும் இருக்கும். அந்தச் செடியை அடி மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்ட்டில் போட வேண்டாம். ஆனால் தண்டிலிருந்து தள்ளி, சருகுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் படர்ந்தால் கவலை வேண்டாம். அது மக்க வைக்கிற வேலையாள். அடை மழைக் காலத்தில் நான் சருகைத் தண்டிலிருந்து இன்னும் அரை அடி தள்ளி ஒதுக்கிவிடுவேன்.

கரையான் பற்றி. செம்மண்ணில் சருகு போட்டால் கரையான் வரும், தவிர்க்க முடியாது. அது பெரும்பாலும் காய்ந்ததைத்தான் தின்கிறது. சருகை மண்ணாக்குகிற வேலையில் மண்புழுவைப் போல அதற்கும் பங்கு உண்டு. பாத்தி ஈரமாக இருக்கும் வரை பச்சைச் செடியைத் தொடுவது அபூர்வம். பாத்தியைக் காயவிட்டால்தான் தொல்லை. புதிதாக நட்ட மரக்கன்று, தென்னம்பிள்ளை, தண்டு முற்றிய மிளகாய் இவற்றைக் கவனிக்க வேண்டும். நடும் குழியில் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுவது என் வழக்கம். வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளியே மூடாக்கு இருக்கட்டும். கரையான் உங்கள் கத்தரியை விட்டாலும் கதவு நிலையை விடாது. அந்த இரண்டடி வெற்றிடம் பாம்பு வீட்டை அண்டாமல் இருக்கவும் உதவும். மட்டைக் குவியலுக்கு அடியில் வெறுங்கையை விடாதீர்கள். குச்சியாலோ வாரியாலோ புரட்டிவிட்டு அப்புறம் கையை வையுங்கள், தேள் இருக்கும்.

"வைக்கோல் போட்டால் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளுமாமே" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். வைக்கோலையோ மரத்தூளையோ மண்ணுக்குள் வெட்டிப் புதைத்தால் உண்மை. நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்க மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே போட்டால் மண்ணைத் தொடுகிற மெல்லிய அடுக்கில் மட்டும்தான் அது நடக்கும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது.

கீரை, முள்ளங்கி மாதிரி நேரடியாக விதைக்கிற பயிருக்கு மூடாக்கு ஒத்துவராது, களை விதையைப் போலவே இதையும் அமுக்கிவிடும். அதற்கு வேறு வழி. பாத்தியைத் தயார் செய்து, விதைக்காமலேயே இரண்டு தண்ணீர் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் களை முளைத்ததும் அரை அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிட்டு, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். முடிந்தால், விதைப்பதற்கு முன் இப்படி இரண்டு முறை ஏமாற்றிவிட்டு விதைத்தால் கீரைப் பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்குகிற வேலை பாதிக்கு மேல் குறையும். முளைத்த களையில் பருப்புக்கீரையும் தொய்யக்கீரையும் இருந்தால் சட்டிக்குப் போகட்டும். எங்கள் வீட்டில் கீரை விதைத்து எடுத்ததைவிடக் களையாக வந்து கடைந்த கீரைதான் அதிகம்.

பிளாஸ்டிக் தாள் வாங்கலாமா? ஏக்கர் கணக்கில் தக்காளியோ தர்பூசணியோ போடுகிறவர்கள், ஆள் கூலிக்குப் பயந்து, 25, 30 மைக்ரான் தாளை மேலே வெள்ளி, அடியில் கறுப்பு என்று விரிக்கிறார்கள். விதைக்களை சுத்தமாக அடங்கும், வெள்ளிப் பளபளப்புக்கு வெள்ளை ஈயும் இலைப்பேனும் கொஞ்சம் குறையும். ஆனால் கோரை அதையும் துளைக்கும். உங்களுக்கு அதுதானே பிரச்சினை? ஒரு போகம், மிஞ்சினால் இரண்டு போகத்தில் தாள் கிழிந்து துண்டு துண்டாக மண்ணில் கலக்கும். 5 சென்ட்டில் அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நடைபாதைக்கு வேண்டுமானால் தடித்த கறுப்பு நெய்த விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள், பல வருடம் வரும்.

கல் உப்பும் கோமியமும் கலந்து தெளித்தால் கோரை கருகும் என்று வீடியோ பார்த்திருப்பீர்கள். கருகும், இலை மட்டும். கிழங்கு மறுபடி முளைக்கும், நீங்கள் தெளித்த உப்பு மண்ணிலேயே இருக்கும். உப்புத் தண்ணீர் பாய்கிற நிலத்தில் அது நாமே செய்துகொள்கிற வினை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பொறுத்தவரை, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள்தான் அதைத் தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. கடையில் கேட்டு வாங்கி வீட்டுத் தோட்டத்தில் அடிக்கிற பொருள் அது இல்லை.

ஆக இந்த மாதம் உங்கள் வேலை என்று பார்த்தால், மிச்சமிருக்கிற வைக்கோலை எல்லாம் வாரி, கத்தரி இருக்கிற பாத்திக்கு மட்டும் கனமாகப் போட்டு மட்டை வைத்து அமுக்குங்கள். நெல்லைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடுங்கள். கோரை அதிகம் இருக்கிற ஒரு பாத்தியைத் தேர்ந்தெடுத்து, அறுத்துவிட்டு, சணப்பை விதையுங்கள். மற்ற இடத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை களைக்கொத்து. நாட்காட்டியில் குறித்து வைத்தால்தான் நடக்கும், எனக்கும் அப்படித்தான். புரட்டாசிக்குள் சருகுக்கு ஒரு மூலை ஒதுக்கிச் சேர்க்கத் தொடங்குங்கள். கடப்பாரைக்கு இப்போது வேலையில்லை, சித்திரையில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் வெண்டை முடிந்த பாத்தியைப் படம் எடுத்து அனுப்பினால், சர்க்கரைவள்ளிக்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். கொடி என்னிடமே இருக்கிறது.